இரண்டு வீட்டிலும் இல்லாத பிள்ளை

செத்த குழந்தைகளின் கணக்குச் சரியாக இருந்தது. உயிரோடு இருந்த குழந்தைகளைத்தான் காணவில்லை.

கூட்டலில் பிழை இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். இல்லை. காளவாசல் பக்கம் சுண்ணாம்புச் சூளைகளை ஒட்டி இருக்கிற குடிசைகளில், இரண்டு பிள்ளைகளுக்கு மேல் பறிகொடுத்த வீடுகள் என்று ஒரு வரிசை. அதே வீடுகளில் இப்போது இரண்டு வயதுக்குள் இருக்கிற குழந்தைகள் என்று பக்கத்து வரிசை. முதல் வரிசை நெடுக எண்கள். இரண்டாவது வரிசை நெடுகச் சுழி. ஒப்புக்குக்கூட ஒரு வீட்டில் ஒரு குழந்தை இல்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். ரேஷன் கடையில் புழுத்த அரிசிக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். கப்பலில் டின் டின்னாகப் பால் பவுடர் வருகிறது, மதுரைக்கும் ஒரு பங்கு உண்டு என்றார்கள். அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து ‘சிசு ரட்சணைக் கமிட்டி’ என்று ஒன்று வைத்தார்கள். கமிட்டிக்குத் தலைவர் வெள்ளைத்துரை; பெயர்தான் அப்படி, உள்ளூர்க்காரர். காளவாசலில் பாதிச் சூளைகள் அவருடையவை. கமிட்டிக்கு ஆராய்ச்சி செய்து கொடுக்க வந்தவர் யூனுஸ் சார். அவரிடம் எண்களைக் கூட்டிக் கழிக்கும் வேலை எனக்கு. ராக்கம்மாள், பி.ஏ. கணக்கு. ‘ராகினி என்று மாற்றிக்கொள்ளேன்’ என்று விடுதியில் சொன்னார்கள். மாற்றவில்லை.

யூனுஸ் சார் முனிச்சாலை ஜவுளிக் கடைக்காரர் மகன். கடையில் உட்காராமல் கல்கத்தாவுக்குப் போய்ப் புள்ளியியல் படித்து வந்தவர். ஏழைகளைப் பற்றி நெஞ்சில் கை வைத்துப் பேசுகிறவர்களை அவருக்கு ஆகாது. எண்ணைக் காட்டு என்பார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ‘பால் எல்லாருக்கும் போதாது. எந்த வீட்டில் குழந்தை செத்துக்கொண்டே இருக்கிறதோ, அந்த வீட்டில் அடுத்து இருக்கிற குழந்தைக்குத்தான் முதலில் போக வேண்டும்’ என்று விதி எழுதியவர் அவர். நல்ல விதி. இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

அச்சாகி வந்திருந்த அட்டவணையைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன்.

“சார், இந்தப் பக்கம் தப்பு.”

“கூட்டலா?”

“கூட்டல் சரி. சேதிதான் தப்பு.”

அவர் கணக்கு மெஷினின் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவருடைய முகத்தில் கவலை வரவில்லை, ஒரு மாதிரி வெளிச்சம்தான் வந்தது. “தப்பு இல்லை, ராக்கம்மா. இதுதான் இந்த ஆராய்ச்சியிலேயே பெரிய கண்டுபிடிப்பு. சுண்ணாம்புத் தூசி, கிணத்துத் தண்ணி, வயித்துப் பிள்ளையோட சூளை வேலை. ஒரு கட்டத்துக்கு மேல அந்த வீடுகள்ல குழந்தை தங்கறதே இல்லை. நான் இதை வச்சு ஒரு கட்டுரையே எழுதலாம்னு இருக்கேன்.”

“எங்க ஐயா அந்தச் சூளைக்குத்தான் சார் வண்டி ஓட்டுறாரு. போன வாரம் அவருக்குச் சோறு கொண்டு போனப்ப ஒரு குழந்தை என் சேலையைப் பிடிச்சு நின்னுச்சு. மூக்கைக் குத்திச் சின்னதா ஒரு கம்பி. அது இந்த அட்டவணையில எங்க இருக்கு?”

“யார் வீட்டுக் குழந்தை?”

எனக்குத் தெரியவில்லை. ஆனால் கேட்ட மாத்திரத்தில் என் சின்னையாவின் ஞாபகம் வந்துவிட்டது. அவர் பெயர் தவிடன். முறுக்கு மீசை, ஆறடி உயரம், சந்தையில் மாட்டை மடக்கினால் மறு பேச்சு இல்லை. அவருக்குப் பெயர் தவிடன்.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பிறந்த பிள்ளை எல்லாம் போய்க்கொண்டே இருந்தால், அடுத்து பிறப்பதை வீட்டுப் பிள்ளை என்று வைத்துக்கொள்ள மாட்டார்கள். முறத்தில் தவிட்டைப் பரப்பி, அதன்மேல் குழந்தையைக் கிடத்தி, பிள்ளை தங்குகிற வீடாகப் பார்த்துக் கொண்டுபோய் விற்றுவிடுவார்கள். விலை ஒரு படி தவிடு. அன்றிலிருந்து அது அந்த வீட்டுப் பிள்ளை. மூக்கைக் குத்திவிடுவார்கள். பால் கொடுப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் பெற்றவள்தான். வாயால் மட்டும் ‘என் பிள்ளை’ என்று சொல்லக் கூடாது. சொன்னால், தேடி வருவது அடையாளம் கண்டுகொள்ளும்.

நகரசபை குமாஸ்தாக்கள் இரண்டு பேர்தான் கணக்கெடுக்கப் போனவர்கள். அவர்கள் கையிலிருந்த தாளில் கேள்வி இந்த வரிசையில் இருந்தது: பெற்றது எத்தனை, செத்தது எத்தனை, இருப்பது எத்தனை.

நான் அன்று சாயங்காலமே காளவாசலுக்குப் போனேன்.

அந்தக் குழந்தை விருமாண்டியின் குடிசைக்கும் எதிரே அப்துல் வஹீதின் ஓட்டு வீட்டுக்கும் நடுவே மண்ணில் தவழ்ந்துகொண்டிருந்தது. விருமாண்டி சூளையில் கல் உடைக்கிறவர். அவர் பெண்சாதி மாயக்காள் சூளையிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். எவ்வளவு கழுவினாலும் புருவத்து வெள்ளை போகவில்லை. வஹீது ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டுகிறவர். அவர் சம்சாரம் லத்தீபாவுக்கு ஆறு பிள்ளைகள், ஆறும் கல்லுக் கல்லாய் இருந்தன.

“ஏ சாதிகா, பி.ஏ. வந்திருக்கு, பாயைத் தட்டிப் போடு,” என்று லத்தீபா மகளை அதட்டினாள். “உக்காரு புள்ள. என்ன, இந்தப் பக்கம்? ஐயாவுக்குச் சோறு எடுத்தாந்தியா?”

“இந்தப் புள்ள யாரு புள்ள லத்தீபாக்கா?”

மாயக்காள் முந்திக்கொண்டாள். “லத்தீபாக்கா வீட்டுப் புள்ள.”

குழந்தை அதைக் காதில் வாங்காமல் தவழ்ந்துபோய் மாயக்காளின் முந்தானையைப் பிடித்து இழுத்தது. கை குச்சியாக இருந்தது. வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தது. பிறந்து பதினொரு மாசம் ஆகிவிட்டதாம். எழுந்து நிற்கக்கூட முடியவில்லை; அன்று என் சேலையைப் பிடித்துத்தான் நின்றிருக்கிறது.

லத்தீபா சிரித்தாள். “ஆமா, எம்புள்ளதான். பசிச்சா மட்டும் அவகிட்டப் போயிரும். வயித்துக்கு அவ, பேருக்கு நானு. பேரு பாத்திமா. எங்க மாமியா பேரு. மாமியாவத் திட்டணும்னா இதைக் கூப்பிட்டுக்கிருவேன்.”

“கணக்கெடுக்க வந்தவுககிட்ட இந்தப் புள்ளையச் சொன்னீங்களா?”

“பெத்தது எத்தனைன்னு கேட்டாரு. ஆறுன்னேன். இது பெத்ததா? வாங்குனது. வாங்குனது எத்தனைன்னு அந்த மனுசன் கேக்கவே இல்லையே. நானா போயி எதுக்குச் சொல்லணும்?”

“நீங்க, மாயக்கா?”

மாயக்காள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என் பக்கம் முதுகைக் காட்டினாள். “செத்தது எம்புட்டுன்னு கேட்டாக. மூணுன்னு சொன்னேன். சொல்லி வாய மூடல, இருக்கறது எம்புட்டுன்னு கேட்டாக. அந்த மூணையும் சொன்ன வாயால இதச் சொல்லுவேனா தாயி? இல்லன்னு சொன்னேன்.”

அவ்வளவுதான் விஷயம். பெற்ற வீட்டில் சாவு இருந்தது, பிள்ளை இல்லை. வாங்கின வீட்டில் பிள்ளை இருந்தது, சாவு இல்லை. அங்கேயும் அது கணக்கில் ஏறவில்லை. அந்தச் சூளைச் சந்தில் எத்தனை சுழி இருந்ததோ அத்தனையும் இதுதான். கல்கத்தா வரை போய்ப் படித்துவிட்டு வந்தவர் அதைப் பார்த்துக் குழந்தை தங்குவதில்லை என்று கட்டுரை எழுதப் போகிறார்.

நான் பாலைப் பற்றிச் சொன்னேன். பட்டியலில் பெயர் வந்தால் மாசம் ஒரு டின், குழந்தைக்கு இரண்டு வயது முடிகிற வரை. மாயக்காளுக்குத் தாய்ப்பால் வற்றிக்கொண்டே வந்தது அவளுக்கே தெரியும். கேழ்வரகுக் கூழைக் கரைத்து ஊற்றுகிறாள், பாதி வெளியே போகிறது.

“ஒருக்கா, ஒரே ஒருக்கா வந்து, எம்புள்ளன்னு சொல்லுங்க. போதும்.”

“அது மட்டும் முடியாது தாயி.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “தவிட்டுக்கு வித்தா சாவு ஏமாந்து போயிருமாக்கா? சாவு என்ன அம்புட்டுக் கேனையா?”

“மூத்தது மூணையும் விக்கல. போயிருச்சு. இத வித்தேன். இருக்கு. நீ கணக்குத்தான படிச்ச? கூட்டிக்க.”

ஒன்றை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று வாய் வரைக்கும் வந்தது. அது யூனுஸ் சார் பேச்சு. அடக்கிக்கொண்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் அவரிடம் சொன்னதும், அவர் எழுந்துபோய் ஜன்னலில் நின்றார். கீழே மாசி வீதியில் மூட்டை வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

“கேள்வியோட வரிசை தப்பு,” என்றார் கடைசியில். “இருக்கிறதை முதல்ல கேட்டிருக்கணும். அந்தத் தாளை நான்தான் தயார் பண்ணினேன்.”

“சரி, திருத்துங்க.”

“எப்படித் திருத்தறது? அட்டவணை அச்சாகி மெட்ராஸ் போயாச்சு.”

“லத்தீபாக்கா ஏழு பெத்தேன்னே சொல்லத் தயார் சார்.”

“அந்த வீட்டுல சாவே இல்லையே. ஜட்கா வருமானமும் இருக்கு. விதிப்படி பால் கிடைக்காது. பெத்தவதான் சொல்லணும். கமிட்டி முன்னால. தாய் சொல்லாததை நான் எழுத முடியாது, ராக்கம்மா. நீ சொல்றதை எழுதினா, நாளைக்கு வெள்ளைத்துரை சொல்றதையும் எழுதணும்.”

அதில் நியாயம் இருந்தது. அந்த மனிதர் சொல்வது எல்லாவற்றிலும் நியாயம் இருக்கும். அதுதான் எரிச்சல்.

சித்திரை வெயிலில் சூளைச் சந்தில் பேதி கிளம்பியது. பாத்திமாவுக்கும் வந்தது. உப்புத் தண்ணியும் கஷாயமும் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது லத்தீபாவின் தோளில் துணி மாதிரி கிடந்தது. கண் மட்டும் அசைந்தது. மாயக்காள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

நான் எதையும் கேட்கவில்லை. லத்தீபாதான் ஆரம்பித்தாள்.

“ஏ மாயக்கா. இங்க பாரு. நீ போயிச் சொல்லிட்டு வா. அல்லா மேல ஆணையா நான் கோவிச்சுக்கிற மாட்டேன். சொல்லிட்டு வந்த நிமிசமே திரும்ப எனக்கு வித்துரு. இந்தத் தடவ ரெண்டு படி தவிடு தாரேன். வெலை ஏறிப்போச்சுல்ல, யுத்தம்.”

மாயக்காளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“சொன்னாப் பால் வந்துருமா தாயி?”

“வரும்,” என்றேன்.

கமிட்டி வெள்ளைத்துரையின் பங்களாவில் கூடியது. மின்சார விசிறிக்குக் கீழே பத்துப் பேர், பன்னீர் சோடா. மாயக்காள் குழந்தையை உள்ளே கொண்டுவரவில்லை. வாசல் கேட்டுக்கு வெளியே லத்தீபாவின் இடுப்பில் விட்டுவிட்டு, “புள்ள காதைப் பொத்திக்கங்கக்கா. அதுக்குக் கேக்கக் கூடாது,” என்று சொல்லிவிட்டு வந்தாள். லத்தீபா அப்படியே பொத்திக்கொண்டு நின்றாள்.

“யாரும்மா நீ? எந்தச் சூளை?” என்றார் வெள்ளைத்துரை.

“உங்க சூளைதாங்கய்யா. விருமாண்டி பெஞ்சாதி.”

“என்ன சொல்லணும்?”

மாயக்காள் கண்ணை மூடிக்கொண்டாள். “வெளிய நிக்கிற புள்ள எம்புள்ளைங்க. நான் பெத்த புள்ளைங்க.”

“பேரு?”

அவள் என்னைப் பார்த்தாள். “பாத்திமா.”

விசிறிக்குக் கீழே எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளைத்துரை கர்ச்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். “விருமாண்டி மக பாத்திமா! பால் பவுடர் கப்பல்ல இருந்து இன்னும் எறங்கவே இல்ல, அதுக்குள்ள மதமே மாறிப்போச்சே ஆத்தா!”

“தவிட்டுக்கு வித்த புள்ளைங்க.”

“வித்துட்டேல்ல? அப்பறம் எப்படி ஒம்புள்ள? கணக்கெடுக்க வந்தப்ப இல்லன்னு சொல்லியிருக்க. இந்தா, அச்சுல இருக்கு. அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?”

இரண்டும் பொய்யில்லை. நான் எழுந்து விளக்கினேன். சின்னையா பெயரைச் சொன்னேன். அந்தப் பத்துப் பேரில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத்துக்காரர்கள். அவர்களுக்கு இந்த வழக்கம் தெரியாதா? ஒருவர் தலையை ஆட்டிவிட்டு, வெள்ளைத்துரை முகத்தைப் பார்த்து ஆட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

“நிபுணர் என்ன சொல்றீங்க?” என்றார் வெள்ளைத்துரை.

யூனுஸ் சார் எழுந்தார். “இந்த அம்மா சொல்றதை நான் நம்பறேன். ஆனா ஒரே ஆள் வாக்குமூலத்தை வச்சு அட்டவணையை மாத்த முடியாது. அந்தப் பகுதி பூராவும் திரும்பக் கணக்கெடுக்கணும். அதுக்குச் சிபாரிசு பண்றேன்.”

“எம்புட்டு நாளாகும்?”

“மெட்ராஸ் அனுமதி வரணும். சில மாசம்.”

“டின்னு அடுத்த வாரம் வருது. வச்சிருந்தாக் கெட்டுப் போகும். அட்டவணைப்படி கொடுத்துருவோம். திரும்பக் கணக்கெடுத்தா அடுத்த தடவைக்குப் பாப்போம்.” அவர் மாயக்காளைப் பார்த்து, “போம்மா, வேலையைப் பாரு. அரை நாள் கூலி போச்சுல்ல,” என்றார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுசாக நினைவில்லை. சூளை உங்களது, தூசி உங்களது, செத்ததும் உங்கள் கணக்குத்தான் என்று சொன்னது நினைவிருக்கிறது. வெள்ளைத்துரை கோபப்படவில்லை. “முத்திருளன் மகதான நீ? நல்லாப் பேசுற. ஐயாவ வந்து பாக்கச் சொல்லு,” என்றார்.

மறுநாள் ஐயாவின் வண்டிக்குச் சூளையில் பாரம் ஏற்றவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவர் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, “கழுதை, நாலு வருசம் படிச்சு என் வண்டிய ஒரே நாள்ல நிப்பாட்டிட்ட,” என்றார். நாகமலைப் பக்கம் வேறு பாரம் தேடிப் போனார்.

பால் எங்கே போயிற்று என்றால், இருக்கிற குழந்தையை இருக்கிறது என்று பயமில்லாமல் சொல்லக்கூடிய வீடுகளுக்குப் போயிற்று.

பங்களாவிலிருந்து திரும்பிய வழியில் மாயக்காள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “பத்துப் பேரு காதுல விழுந்துருச்சு,” என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். பிறகு, “அம்புட்டுப் பேரும் சிரிச்சாக,” என்றாள்.

இரண்டு நாள் கழித்து நான் போனபோது குழந்தை இல்லை.

லத்தீபா என்னைக் கண்டதும் எழுந்து வந்து, “பயப்படாதே, உசுரோடதான் இருக்கு,” என்றாள். குரலில் வழக்கமான விளையாட்டு இல்லை. “வந்த அன்னைக்கே முறத்துல போட்டு வாங்கிட்டேன். ரெண்டு படி தவிடு. இவளுக்கு ஆறல. எதுத்த வீடு பத்தாதுங்கா. அத்தன பேரு முன்னால சொல்லியாச்சு, இனி எதுத்த வீட்டுல வச்சா தேடி வர்றதுக்குத் தெரிஞ்சு போகும்ங்கா. எங்க நாத்தனா ஊருல இருந்து வந்திருந்தா. அவளுக்குப் புள்ள இல்ல. இவ தூக்கிக் கொடுத்துட்டா.”

“எவ்வளவு நாளைக்கு?”

“எவ்வளவு நாளைக்கா? கொடுத்துட்டாங்கறேன்.”

குடிசைக்குள் மாயக்காள் அடுப்பின் முன்னால் இருந்தாள். ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. வற்றிப்போச்சு என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்த பால்.

“எந்த ஊரு மாயக்கா? நான் போயிக் கூட்டிட்டு வாரேன். எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க.”

அவள் அடுப்பை ஊதிவிட்டுத்தான் பேசினாள்.

“சொன்னா நீ எழுதுவ.”

விருமாண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் என்னிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. “போயிட்டு வா தாயி,” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

யூனுஸ் சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மெட்ராசுக்கு நீளமாக எழுதினார், பதில் வராதபோது மறுபடி எழுதினார், கட்டுரையை நிறுத்தி வைத்தார். ஐப்பசியில் அனுமதி வந்தது. புதுத் தாள். இருப்பது எத்தனை என்பது முதல் கேள்வி. குமாஸ்தாக்கள் வேண்டாம், ராக்கம்மாள் போகட்டும், அவளுக்குத்தான் அந்த ஜனங்களைத் தெரியும் என்றார்.

போனேன். மழைக்காகச் சூளைகளை மூடி இருந்தார்கள். எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். குடிசைக்குக் குடிசை தூளி தொங்கியது. பழஞ்சேலைத் தூளி, சாக்குத் தூளி. உள்ளே ஒன்று நெளிந்துகொண்டிருக்கும், கால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அம்மாக்காரி ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டே என்னிடம், “இல்ல தாயி. பக்கத்து வீட்டுப் புள்ள,” என்பாள். பக்கத்து வீட்டில் கேட்டால், “அந்த வீட்டுப் புள்ள.” ராக்கு ஒருத்தி, ரெங்கம்மாள் ஒருத்தி, பெயர்தான் வேறு. பதில் ஒன்று. பேசும்போது எல்லாருடைய கண்ணும் ஒரு தடவை மாயக்காளின் குடிசைப் பக்கம் போய்த் திரும்பியது. கமிட்டியில் போய்ச் சொன்னவளுக்கு என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்று அந்தச் சந்தில் தெரியாதவர் இல்லை. கேள்வியை எந்த வரிசையில் போட்டால் என்ன?

விதிப்படி, தாய் சொல்வதைத்தான் எழுத வேண்டும். எழுதினேன். மறுபடியும் நெடுகச் சுழி.

யூனுஸ் சார் பழைய அட்டவணையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ஒத்துப்போகுதே,” என்றார் தயக்கமாக. “வரிசையை மாத்தியும் ஒத்துப்போகுதுன்னா, ஒருவேளை முன்னால எடுத்ததே...”

“சார், எழுந்திரிங்க. செருப்பை மாட்டுங்க.”

“எங்கே?”

“இத்தனை மாசமா அந்த ஜனங்களைப் பத்தி எழுதறீங்க. ஒரு நாள் அங்க வந்திருக்கீங்களா?”

அவர் முகம் சிவந்தது. ஆனால் வந்தார். ஜட்காவில் இருந்து இறங்கி, சுண்ணாம்புச் சேற்றில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“யாருகிட்டயும் ஒரு வார்த்தை கேக்காதீங்க,” என்றேன். “யாரு பிள்ளைன்னு கேக்காதீங்க, பேரு கேக்காதீங்க. தூளியை மட்டும் எண்ணுங்க. எந்த வாசல்ல தொங்குதோ அந்த வீட்டுக் கணக்குல போடுங்க.”

“இது முறையில்லை, ராக்கம்மா.”

“வாயைத் திறந்து சொல்ல வைக்கிறதுதான் உங்க முறை. அது என்ன பண்ணுச்சுன்னு பாத்தோமே.”

அவர் பேனாவைத் திறந்தார். சந்தின் இந்தக் கோடியிலிருந்து நடந்தோம். பெண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேள்வி வராததால் யாரும் எழுந்து மறைக்கவில்லை. அவர் ஒவ்வொரு வாசலாக நின்று, உள்ளே எட்டிப் பார்க்காமல், ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்தார். ஒரு தூளியிலிருந்து இரண்டு ஜோடிக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. இரட்டை. அவர் என்னைப் பார்த்தார். “ரெண்டு,” என்றேன். ரெண்டு கோடு போட்டார். தாள் நிறைந்துகொண்டு வந்தது. இத்தனை குழந்தைகளும் வெயில் காலம் முழுக்கப் பாலில்லாமல் கிடந்தவை. போன சித்திரைப் பேதியில் போனதுபோக மிச்சம்.

மாயக்காளின் குடிசைக்கு வந்தோம். அவள் வாசலில் உட்கார்ந்து ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பங்களாவில் பார்த்த முகம் என்று அவளுக்குத் தெரிந்தது, எழுந்திருக்கவில்லை. அவள் தலைக்கு மேலே உத்திரத்தில் தூளிக் கயிறு மட்டும் இருந்தது, அறுத்த இடத்தில் பிரி பிரியாக.

யூனுஸ் சார் கயிற்றைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

“இந்த வீடு?” என்றார் மெதுவாக.

“இந்த வீட்டுக்கு உங்க பழைய அட்டவணையே சரி சார்.”

அவர் எழுதவில்லை. “அந்தக் குழந்தை எங்கே இருக்கு?”

மாயக்காள் அரிசியிலிருந்து தலையைத் தூக்கினாள். என்னைத்தான் பார்த்தாள், அவரை இல்லை.

“எனக்குத் தெரியாது,” என்றேன். “தெரிஞ்சாலும் உங்ககிட்டச் சொல்ல மாட்டேன்.”

அவள் குனிந்து மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தாள். நாங்கள் அடுத்த வாசலுக்குப் போனோம்.